மீன்பெட்டி ஐஸும் உலகச் சங்கமும்

2025 செப்டெம்பர் 6, சனி

லோகன் அண்ணை பயிற்சியில் வழுக்கி விழுந்துவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது. ஆறு வருடமாக அவர் கட்டி எழுப்பிய இலங்கை கர்லிங் சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர். எல்லோரும் லண்டனின் மிச்சம், நோர்பரிப் பகுதிக்காரர். ஐஸில் கல்லை வழுக்கிவிட்டு, அதற்கு முன்னால் தும்புத்தடி போன்ற துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. வியாழக்கிழமை உலகச் சங்கத்தின் பொதுக்கூட்டம், லண்டனிலேயே. எங்களைச் சேர்ப்பதா என்று வாக்கெடுப்பு.

"நீ போய்ப் பேசு, ஸ்ரீதரன்."

"அண்ணை, நான் டிராம் ஓட்டுறவன். மேடையில பேச ஏலாது."

"டிராமும் வழுக்கித்தானே போகுது. போ."

செப்டெம்பர் 8

அண்ணை பேச்சு எழுதி அனுப்பியிருக்கிறார். பதினான்கு பக்கம். வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் சிவரூபினி நித்திரை. மனைவி என்றால் இப்படித்தான்.

செப்டெம்பர் 10

பேச்சை மறுபடி வாசித்தேன்; ஐந்தாம் பக்கத்தில் நானே நித்திரை.

செப்டெம்பர் 11

ஹோட்டல் மண்டபம் நிறைய நாடுகள். பேச இரண்டே நிமிடம் என்றார்கள். முதற்பந்தியோடு மணி அடித்துவிட்டது. உயரமான ஒருவர் எழுந்து, "உங்கள் நாட்டில் ஐஸ் எங்கே இருக்கிறது?" என்றார்.

"மீன் பெட்டியில்" என்று சொல்லிவிட்டேன்.

மண்டபமே சிரித்தது. முடிஞ்சுது. அண்ணையின்ர ஆறு வருசத்தையும் ஒரு சொல்லில முடிச்சுப்போட்டன் — ஏன்டா வாயைத் திறந்தனி? கோபத்தில் மேலும் சொன்னேன்: "அந்த ஐஸைக் கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்க உருகாமல் காப்பாற்றுகிறவர்கள் நாங்கள். உங்களால் முடியுமா?"

ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் சேர்த்துக்கொண்டார்கள்! அதோடு விடவில்லை. என்னை ஐஸின் தரம் பார்க்கும் குழுவுக்கும் தெரிவு செய்துவிட்டார்கள். ஐஸைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

செப்டெம்பர் 12

சேர்த்துக்கொண்டதைச் சொன்னேன். அண்ணை கட்டிலில் கிடந்தபடியே ஆனந்தத்தில் அழுதார். குழு விஷயம் சொன்னதும் அழுகை நின்றது.

"என்ர பேச்சை வாசிச்சனியோ?"

"முதல் பந்தி, அண்ணை."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

செப்டெம்பர் 19

ஏழு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. உலகம் சேர்த்துக்கொண்டது, இவர் விலக்கிவிட்டார்.

செப்டெம்பர் 23

உலகச் சங்கத்தின் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். குழு உறுப்பினர் தமக்கு ஓர் ஆலோசகரை நியமிக்கலாமாம். ஆலோசகர் பேசுவதற்கு நேரக்கட்டுப்பாடு இல்லையாம். மூன்று முறை வாசித்தேன். உடனே நியமனக் கடிதம் எழுதி, அண்ணை வீட்டுக் கதவிடுக்கில் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

ஒக்டோபர் 14

குழுவின் முதற்கூட்டம். அண்ணை முதுகுப்பட்டியோடு வந்து ஒரு மணி ஐம்பது நிமிடம் பேசினார். குழுச் செயலாளரான நோர்வேக்காரர் பாவம், குறிப்பெடுத்துக் களைத்துப்போனார். நான் பிஸ்கட் சாப்பிட்டேன். திரும்பும்போது நோர்பரியில் இறங்கி இருவரும் கொத்துரொட்டி சாப்பிட்டோம்.

"அந்த நோர்வேக்காரனுக்கும் ஒண்டு வாங்கிக் குடுத்திருக்கலாமடா" என்றார் அண்ணை.