பின்பக்க ஸ்பிரிங் விஷயமாக

இன்று காலை ஷெட்டைத் திறந்ததும் அந்த வாடை அடித்தது. புது பிரேக் பேடு போட்ட முதல் இரண்டு நாள் வருமே, அதேதான். நீங்கள் அதைக் காபிப்பொடிக் கடை வாசலில் நிற்கிறவர் மாதிரி மூக்கை இழுத்து முகர்வீர்கள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மனுசன் மோந்து பாக்குற பொருளா இது?" என்று திட்டுவேன். இன்று திட்டுவதற்கு ஆள் இல்லை. நானே ஒருமுறை இழுத்து முகர்ந்தேன். நல்ல வாடை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் ஷெட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பேடு மாற்றச் சொன்னது நான்தான். எதற்கு மாற்றினாய், வேறு என்னவெல்லாம் மாற்றினாய் என்று குடைவீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வண்டியைக் கோச்சடைக்குக் கொண்டுவந்து நிறுத்திய அன்று தெருவே சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், ஆம்புலன்ஸ் சர்வீஸ் ஆரம்பிக்கப் போறீங்களா?" என்றார். இது ஸ்டேஷன் வேகன் என்று அவருக்குப் பாடம் நடத்தினீர்கள். கார்தான், ஆனால் கூரை கடைசிவரை நீண்டு, பின்னால் ஒரு சின்ன அறையே இருக்கும். முன்னால் டர்போ வைத்த டீசல் எஞ்சின். கோயம்புத்தூரில் யாரோ வருடக்கணக்கில் ஓட்டி அலுத்துப்போய் விற்றது. கம்பெனியே அந்த மாடலை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

"மாட்டு டாக்டருக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது" என்று என்னமோ எனக்காகவே வாங்கியது போலப் பேசினீர்கள். சினை ஊசிக்கான நைட்ரஜன் குடுவை, மருந்துப் பெட்டி, கயிறு, ரப்பர் பூட்ஸ், வழியில் யாராவது அன்பாக ஏற்றிவிடும் தவிட்டு மூட்டை எல்லாம் பின்னால் போகும் என்றீர்கள். போகத்தான் செய்தது. ஆனால் தவிட்டு மூட்டை ஏற்றுவதற்கு எதற்காக எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் கடைசிவரை நீங்கள் விளக்கவில்லை.

வாரம் முழுக்க வங்கியில் இஸ்திரி குலையாத சட்டை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவனியாபுரத்தில் முருகேசன் பட்டறையில், பழைய கைலியோடு வண்டிக்கு அடியில். சாப்பாட்டு நேரத்துக்கு நான் போன் அடித்தால் முருகேசன் எடுத்து, "சார் உள்ள இருக்காரு அக்கா" என்பான். எந்த உள்ளே என்று எனக்குத் தெரியும். முதலில் பிரேக்கைத்தான் மாற்றினீர்கள். "நிக்கத் தெரியாத வண்டி ஓடி என்னத்துக்கு?" என்றீர்கள். உங்கள் பைத்தியத்தில் எனக்குப் பிடித்த ஒரே நியாயம் அது. அப்புறம் டயர், அப்புறம் காற்றுக் குழாய்கள், பெரிய இன்டர்கூலர், சைலன்சர் பைப். கடைசியாக எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில் டீசல் கணக்கையே மாற்றி எழுதினீர்கள். மறுநாள் நாகமலை புதுக்கோட்டை தாண்டித் தேனி ரோட்டில் மூன்றாவது கியரில் அமுக்கினேன். முதுகை யாரோ பிடித்துத் தள்ளியது போல வண்டி பாய்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை செய்த நீங்கள் ஓட்டினால் பின்னால் மாட்டுவண்டி ஹார்ன் அடிக்கும். கேட்டுக்குள் திரும்புவதற்கும் இன்டிகேட்டர் போடுகிற மனிதர் நீங்கள். முதல் போஸ்டிங்கில் டிபார்ட்மெண்ட் ஜீப்பை வரப்பு மேலெல்லாம் ஓட்டிப் பழகியவள் நான். அதனால் கட்டுவது நீங்கள், ஓட்டுவது நான் என்று தானாக அமைந்துவிட்டது. இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி வருவீர்கள்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும், "எப்படி இருக்கு டாக்டரம்மா?" என்று கேட்பீர்கள். "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்பேன். வேண்டுமென்றேதான். உங்கள் முகம் தொங்கிவிடும். பிறகு எழுந்து போய், முன் டயரின் வெளி ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பீர்கள். வளைவில் யார் வேகமாகத் திருப்பினாலும் அந்த ஓரம்தான் முதலில் தேயும். தடவிவிட்டு உங்களுக்குள் சிரித்துக்கொண்டு கை கழுவப் போவீர்கள். நானும் அதைப் பார்க்காதது போல அடுப்படிக்குள் போய்விடுவேன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், அந்தப் பின்பக்க ஸ்பிரிங்கைத் தவிர. கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையாக, கல்லு மாதிரி ஒன்றை மாட்டினீர்கள். வளைவில் வண்டி சாயாதாம். சாயவில்லைதான். ஆனால் சிறு பள்ளம் வந்தாலும் பின்பக்கம் ஆட்டுக்குட்டி போலத் துள்ளியது. கட்டி வைத்த நைட்ரஜன் குடுவை டங் டங்கென்று ஆடும்.

"லோடு ஏத்துனா சரியாயிரும்" என்றீர்கள்.

"அப்ப தினமும் ரெண்டு மூட்டை தவிட்டைத் தூக்கிப் போட்டுக்கிட்டா நான் ஆஸ்பத்திரிக்குப் போறது?"

"மேடு பள்ளம் பாத்து ஓட்டணும்."

"தேனி ரோட்டுல பள்ளத்தைப் பாத்து ஓட்டணும்னா அங்கயே குடிசை போட்டுக் குடியிருக்கணும்."

இந்தச் சண்டை எத்தனை வருடம் ஓடியது! கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எதற்கு என்று தெரியாமல் சமாதானம் செய்துவைத்திருக்கிறார். காய்ச்சலில் படுத்திருக்கும்போதுகூட, கஞ்சியைக் குடித்துவிட்டு, "இருந்தாலும் அந்த ஸ்பிரிங்..." என்று ஆரம்பித்திருக்கிறீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்றதும் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. பின் சீட்டை மடக்கி, பாயை விரித்து, உங்களைப் படுக்க வைத்துக் கிளம்பினேன். காளவாசல் பாலம் ஏறும்போது வண்டி திணறியது. அவசரத்தில் கியரை நான்காவதிலேயே விட்டிருந்தேன். "தேர்டுல போடு" என்றீர்கள். போட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் சொல்லவில்லை. வண்டி அன்றைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம். அப்படியும் உங்களைத் திருப்பிக் கூட்டிவர முடியவில்லை. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு வராது.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு கார்த்தி மட்டும் ஒரு வாரம் இருந்தான். நம் பிள்ளை பெங்களூருக்குப் போனதிலிருந்து எதையும் கூட்டம் போட்டுத்தான் பேசுகிறான். என்னை உட்கார வைத்துச் சொன்னான்: "அம்மா, நீ தனியா இருக்க. இந்த வண்டி உனக்கு ஆகாது. வித்துரலாம். மனசு வரலைன்னா கம்பெனில இருந்து வந்த மாதிரி ஆக்கிரலாம். ரெண்டுல ஒண்ணு சொல்லு." எனக்கு அப்போது வாதாடத் தெம்பில்லை. சரி, மாற்றிவிடு என்றேன். நீங்கள் கழற்றிய பாகம் ஒவ்வொன்றையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வைத்திருந்ததால் வேலை சுலபமாகிவிட்டது. உங்கள் சாமான் பரணுக்குப் போனது, கம்பெனி சாமான் இறங்கி வந்தது.

வண்டி நல்ல பிள்ளையாகிவிட்டது. சத்தமில்லை, துள்ளலில்லை. தெருவில் எல்லோருக்கும் திருப்தி. "இப்பத்தான் அடக்கமா இருக்கு" என்றார் எதிர்வீட்டுக்காரர். வண்டியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். மாட்டு ஆஸ்பத்திரிக்குச் சரியான நேரத்துக்குப் போனேன், வந்தேன். ஆனால் சாவியை எடுக்கும்போது முன்பு உள்ளுக்குள் ஒன்று துள்ளுமே, அது இல்லை. உங்களை நினைத்துத்தான் அப்படி இருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள் செக்கானூரணி தாண்டி ஒரு தோட்டத்திலிருந்து போன். தலை ஈற்றுக் கிடேரி, கன்று வயிற்றுக்குள் கால் மடங்கிக் கிடக்கிறது, உடனே வரணும் என்று. கிளம்பினேன். வழியில் செங்கல் லாரி ஒன்று முன்னால் போனது. எதிரே ரோடு காலி. காலை அமுக்குகிறேன், வண்டி யோசிக்கிறது. யோசித்து முடிப்பதற்குள் எதிரே பஸ் வந்துவிடுகிறது. மறுபடி லாரிக்குப் பின்னால் செம்மண் தூசி தின்றபடி. இப்படியே வெகுதூரம் போனேன். போகும்போதே கார்த்தியிடம் பேச வேண்டியதைத் தயார் செய்துவிட்டேன். உயிர் போகிற வேலைடா இது, எனக்குப் பழைய வேகம் வேணும் என்று.

போய் இறங்கினால் அந்த வீட்டுக்காரர், "வாங்க டாக்டரம்மா, மொதல்ல தண்ணியக் குடிங்க. மாடு நிதானமாத்தான் நிக்கிது" என்கிறார். காலை நேராக்கி இழுத்தேன். கன்று தும்மிக்கொண்டு விழுந்தது. பெட்டைக் கன்று. நான் கை கழுவுவதற்குள் எழுந்து நின்று மடி தேடியது. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். வண்டி மெதுவாகப் போனதில் ஒன்றுமே கெட்டுப்போகவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. திரும்பும் வழியில்தான் யோசித்தேன். எதற்கு ஒரு சாக்கு தேடிக்கொண்டிருக்கிறேன்? மாட்டுக்காகவும் இல்லை, கன்றுக்காகவும் இல்லை. உங்கள் ஞாபகத்துக்காக என்று சொன்னால் ஊர் ஒத்துக்கொள்ளும், கார்த்திகூட ஒத்துக்கொள்வான். அதுவும் முழு உண்மை இல்லை. கோச்சடைக்குத் திரும்பாமல் பைபாஸைப் பிடித்து, பழங்காநத்தம் நெரிசலில் ஊர்ந்து, நேராக அவனியாபுரம் போய் நின்றேன்.

"எல்லாத்தையும் திருப்பிப் போடு முருகேசு" என்றேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "கார்த்தி தம்பி என்னையத் திட்டுவாப்ல அக்கா" என்றான். அப்புறம் மெதுவாக, "சார் ஞாபகமாவா?" என்று கேட்டான்.

"இல்ல. எனக்கு வேகமாப் போகப் பிடிச்சிருக்கு."

ஐம்பதைத் தாண்டிய, நெற்றியில் விபூதி மட்டும் வைத்த ஒருத்தி பட்டறை நடுவில் நின்று இதைச் சொன்னதும் பக்கத்தில் டிங்கரிங் சத்தம்கூட நின்றுபோனது. எனக்குக் காது சுட்டது. முருகேசன் மட்டும் அசரவில்லை. "அதை சார் எப்பயோ சொல்லிட்டாரேக்கா. அம்புட்டு வேலையும் ஓட்டுறவுகளுக்காகத்தான்டா, அவ வாயால ஒத்துக்கிற மாட்டா, டயரைப் பாத்துக்கன்னு சொல்லுவாரு" என்றான். முருகேசனிடம் சொல்லத் தெரிந்த உங்களுக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா?

அப்புறம் நானே உட்கார்ந்து சொன்னேன். முதலில் புது பிரேக் பேடு, பிரேக் ஆயில். அடுத்து குழாய்கள், இன்டர்கூலர், கம்ப்யூட்டர் கணக்கு, எல்லாம் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்து, நீங்கள் வைத்தபடி. கிளட்ச் மட்டும் என் முழங்காலுக்குத் தகுந்த மாதிரி இலேசாக. "பின்னாடி ஸ்பிரிங் மட்டும் சார் போட்டது வேணாம். அதுக்கும் கம்பெனிக்கும் நடுவுல ஒண்ணு போடு" என்றேன். "சார் கோவிச்சுக்குவாருக்கா" என்றான். "கோவிச்சுக்கட்டும்" என்றேன்.

வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்களா? பள்ளத்தில் இறங்கி ஏறுவதே தெரியவில்லை. நைட்ரஜன் குடுவை மூச்சுக் காட்டவில்லை. நான் அன்றைக்கே சொன்னேன்.

கார்த்தியிடம் போனில் சொன்னபோது குதித்தான். "உனக்கு என்ன வயசும்மா?" என்றான். வயசைப் பெற்ற மகனிடம் மறைக்க முடியுமா, சொன்னேன். நேற்று கிளம்பி வந்துவிட்டான், நேரில் திட்டுவதற்கு. இன்று காலை சாவியை எடுத்துக்கொண்டு, "வா, உக்காந்து பாத்துட்டுத் திட்டு" என்றேன். மேலக்கால் ரோட்டில் போனோம். வலதுபக்கம் தென்னந்தோப்பு, இடதுபக்கம் நாகமலை. காலி ரோட்டில் அந்த நீள வளைவை, அளவாகத்தான், ஆனால் எனக்குப் பிடித்த மாதிரி எடுத்தேன். மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தான். என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்க நானும் தயாராக இருந்தேன்.

"ஏம்மா, பின்னாடி இம்புட்டு சாயுதே. அப்பா போட்ட ஸ்பிரிங் எங்க?"

"பரண்ல."

"அதைப் போட்டிருந்தா இந்த வளைவுல கிண்ணுனு நின்னுருக்கும்ல? நீ ஏன் அதை மட்டும் போடாம விட்ட?"

வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டிவிட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவன் பயந்துபோய், "என்னம்மா, நான் என்ன சொல்லிட்டேன்?" என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். நீங்கள் போனதிலிருந்து இந்தச் சண்டையின் இரண்டு பக்கத்தையும் நான் ஒருத்தியே பேசிக்கொண்டு தினமும் ஓட்டியிருக்கிறேன். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

இதை எழுதும்போது பரணில் உருட்டுகிற சத்தம் கேட்கிறது. சாக்கு சாக்காக அவிழ்த்து உங்கள் ஸ்பிரிங்கைத் தேடுகிறான். நாளைக்கு முருகேசனிடம் கொண்டுபோகிறானாம். கொண்டுபோகட்டும். அந்தக் கல்லை மறுபடி என் வண்டியில் ஏற்ற விடமாட்டேன். வேண்டுமானால் அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து வந்து கேளுங்கள்.