செம்மறிக்குட்டிக்கு நடத்தின சோறூட்டு விழா

ஜூலை 9, புதன், ராத்திரி

தூக்கம் வரல. பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவோட செம்மறிக்குட்டிக்கு வயிறு ஊதிப்போச்சு. காரணம் நான்தான். அது அக்காவுக்குத் தெரியாது.

தாய் செத்துப்போனதால அக்கா அதைப் போத்தல் பால்ல வளர்க்குது. பிறந்து பத்து நாள்தான். இன்னைக்கு அக்கா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனதும், நானும் என் சிநேகிதி மேரியும் குட்டிக்குப் பொட்டு வச்சு, கைப்பிள்ளைக்குச் செய்ற மாதிரியே சோறூட்டு விழா நடத்தினோம். "ஆடு, ஆடாம சாப்பிடு கண்ணு"ன்னு நான்தான் ஊட்டினேன். மூணு உருண்டை. மேரி சிரிச்சுக்கிட்டே வீடியோ எடுத்தா.

சாயங்காலம் மிருக டொக்டர் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். "சோறு ஏதும் குடுத்தனீங்களோ? பால் குடிக்கிற குட்டிக்குப் பாலைச் செமிக்கிற நொதிதான் நல்லாச் சுரக்கும். சோத்துக்கானது, புல்லுக் கடிக்கத் தொடங்கின பிறகு மெல்ல மெல்லத்தான் கூடும்."

"இல்லைங்க டொக்டர், பால் மட்டுந்தான்"னு அக்கா சொல்லுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்.

"அப்ப பால்தான் பழுது போல"ன்னு பழுதான பாலுக்குரிய மருந்தைக் குடுத்துட்டுப் போனார்.

லயத்துல ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான், எல்லாம் கேக்குது. குட்டி இவ்வளவு நேரமா முனகுச்சு, இப்ப சத்தமில்ல. அக்கா போத்தலைத் திரும்பவும் கழுவுது. "நான்தான் சரியாக் கழுவல"ன்னு தானே பேசிக்குது.

டொக்டர் நம்பர் அக்காகிட்ட இருக்கு. செருப்பைக் காணோம். வெறுங்காலோட அக்கா வீட்டுக்குப் போறேன்.