மூன்று மிடறில் ஓர் உரித்து

1959 ஜனவரி 9, வெள்ளி

நாற்பத்தாறு வயதில் சிரட்டைக் கரியை நல்லெண்ணெயில் குழைத்து மீசைக்குப் பூசிக்கொண்டு போனேன். எழுதவே கூச்சமாயிருக்கிறது. ஆனால் இந்தக் கொப்பியிலும் பொய் எழுதினால் பிறகு எங்கேதான் உண்மை சொல்வது?

அவள் இருக்கிற கடைசி வாய்க்கால் வரைக்கும் சைக்கிள் உழக்கியதில் வியர்த்து, கரி இரண்டு கோடாகக் கழுத்துக்கு இறங்கிவிட்டது. இராசமலர் வெயில் படாமல் குடைக்குக் கீழே நின்று பார்த்தாள்.

"மனேச்சர், மீசை உருகுது."

பிறகு தலையைச் சரித்து எதையோ கேட்டாள். "உங்கட நெஞ்சு அடிக்கிற சத்தத்திலை எங்கட எருது மிரளுது. என்ன, சுகமில்லையோ?"

அவளுடைய சனமான செங்குடியாருக்குப் பிறருடைய நெஞ்சடிப்புக் கேட்கும். இரத்தம் குடிக்கிற சனம், இரத்தம் ஓடுகிற சத்தம் தெரியாமலா இருக்கும்? கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரான எனக்கு இது பெரிய கஷ்டம். "சீனி முடிஞ்சுது" என்று சொன்னால், மற்றச் சனம் என் வாயைப் பார்க்கும். இவர்கள் என் நெஞ்சைக் கேட்பார்கள்.

ஜனவரி 12, திங்கள்

அக்கா நாகேஸ்வரிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வட்டக்கச்சி முழுவதுக்கும் கதை சொல்கிற நானே ஒரு கதையாகிப் போனேன்.

"உனக்கு வேறை பொம்பிளை கிடைக்கேல்லையோடா? கழுத்திலை தாலி கட்டப்போறியோ, கழுத்தைக் குடுக்கப்போறியோ?"

நல்ல கேள்வி. கோபத்தில் வாசல் நிலை முழுக்க வேப்பிலை கட்டியிருக்கிறா. இராசமலர் விடியற்காலையில் வேப்பங்குச்சியால்தான் பல் தீட்டுகிறாள் என்று நான் சொல்லவில்லை. அப்படியான பற்களுக்கு வேறு எதுதான் போதும்?

ஜனவரி 18, ஞாயிறு

அக்காவுடன் வாதாடுவதற்கென்று, செங்குடியாரைப் பற்றி அறிந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவதற்கு எத்தனையோ காலம் முந்தியே அவர்கள் இந்தக் காட்டில் இருந்தவர்கள். குடியேற்றத்தில் அவர்களுக்கும் காணி கிடைத்தது. எங்களுக்கு நான்கு வயது போனால் அவர்களுக்கு ஒன்று. இராசமலர் நாற்பது வருஷத்துக்கு முந்தி இரணைமடுக் குளக்கட்டுக்கு மண் சுமந்தவளாம். பார்த்தால் நாற்பதுக்கு மேல் சொல்ல மாட்டீர்கள். (யாருக்குச் சொல்கிறேன்? எனக்குத்தான்.) அவர்களுக்கும் சாவு உண்டு. அவளுடைய புருஷன் மலேரியாக்கார வேட்டைக்காரன் ஒருவனிடம் குடித்துப் போய்ச் சேர்ந்தவர்.

குடிப்பது எருதிடம்தான். கழுத்து நரம்பில் சின்னக் கீறல், ஒரு சிரட்டை அளவு, பிறகு மஞ்சளும் சாம்பலும். எருது அசைபோட்டுக்கொண்டே நிற்கும். குடிக்கத் தந்த எருதை அவர்கள் விற்க மாட்டார்கள். அது செத்தால் வீட்டுச் சாவு போலத் துடக்குக் காப்பார்கள். ஆட்டிடம் குடிக்கிற குடும்பங்களும் உண்டு. அவர்கள் வீட்டில் எருதுக்காரர் கை நனைக்க மாட்டார்கள். இந்தப் புத்தி மட்டும் எங்கள் ஆட்களிடமிருந்து தொற்றியிருக்க வேண்டும்.

மனிதரிடம் குடிப்பது பாவமில்லை, ஆனால் பாரம். ஒரு மிடறு குடித்தாலும் அந்த ஆள் கூடப்பிறந்த உரித்து. நல்லது கெட்டதுக்குப் போகவேண்டும், செத்தால் துடக்கு. கொடுத்தவர் மூத்தவர், குடித்தவர் இளையவர். வயது கணக்கில்லை. அதனால்தான் எங்கள் கழுத்துகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. எங்களோடு சொந்தம் கொண்டாட அவர்களுக்குப் பயம்.

அவர்களுடைய பெரியவர் பெயர் இளையதம்பி. வயது இருநூறுக்கு மேலே. போன மாதம் அவரிடம் போய்ச் சுற்றிவளைத்து விசாரித்தேன். "கலியாணம் எண்டால் கலியாணம், தடையில்லை. ஆனால் உம்மட ஒரு சொட்டும் அவளின்ரை வாயிலை படக்கூடாது. பட்டால் நீர் தமையன்."

அன்று தொடக்கம் கடைசி வாய்க்காலுக்குப் போகிற நாளில் நான் சவரம் செய்வதில்லை.

ஜனவரி 26, திங்கள்

இன்றும் கேட்கவில்லை. சீனி கொடுத்துவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 2, திங்கள்

நாளை இராசமலரின் வயலில் அரிவுவெட்டு. குடியேற்றத்தில் பாதிச் சனம் கூலியில்லாமல் கைமாற்று வேலைக்குப் போகிறது. நெல் ஏற்ற முல்லைத்தீவிலிருந்து மீராசாகிபுவும் வண்டிலோடு வந்து நிற்கிறார். "நானும் வெட்ட வாறன்" என்றேன். "மனேச்சர், நீங்க வெட்டினால் நெல்லு சிரிக்குமே" என்கிறார்.

நாளைக்குக் கேட்டுவிடுவேன். இதற்கு மேல் தள்ளினால் அவளுக்கு ஒரு வயது கூடுவதற்குள் நான் கிழவனாகிவிடுவேன்.

பெப்ரவரி 4, புதன்

உயிரோடு இருக்கிறேன். கட்டிலில் இருந்தபடி எழுதுகிறேன்.

நேற்று வெட்டு முடிகிற நேரம். அவள் வாய்க்கால் வரம்பில் குடையோடு நின்றாள். புல்லுக்குள்ளால் போய்ப் பக்கத்தில் நின்றேன். "இராசமலர், நான் உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்" என்று வாய் திறந்தது மட்டும் ஞாபகம். கணுக்காலில் சுள்ளென்றது. புல் நெளிந்தது.

"புடையன்! புடையன்!" என்று கத்திக்கொண்டு விழுந்தேன். அந்த விரியன் பாம்பு கடித்தால் ஆள் தப்புவது அரிது. மீராசாகிபு மண்வெட்டியோடு ஓடிவந்து ஒரே போடு. செத்த பாம்பை நுனியில் தூக்கிக் காட்டினார். எனக்கு அதைப் பார்க்கத் தைரியம் இல்லை. கண்ணை இறுக்கிக்கொண்டேன். சாகப்போகிறவன் சொல்லவேண்டிய பெரிய வசனம் எதுவும் வரவில்லை. "சங்கக்கடைத் திறப்பு அலுமாரிக்கு மேலை" என்று சாவி இருக்கிற இடத்தைத்தான் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது இராசமலர் குடையைப் போட்டுவிட்டு, அந்த வெயிலில் முழங்காலில் இருந்தாள். நெற்றி எரிந்து சிவந்துபோயிருந்தது. ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வை!

"மனேச்சர், அசையாமல் கிடவுங்கோ."

மூன்று மிடறு. துப்பவில்லை, விழுங்கினாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

"இனிப் பயமில்லை, அண்ணை."

அண்ணை!

வெட்டுக்கு வந்திருந்த இளையதம்பி கிட்ட வந்து என் தலையில் கை வைத்தார். "ஆச்சுது. இனி எங்கட வீட்டுப் பிள்ளை."

ஒரு நாள் முழுக்க அந்தக் கணத்தைத்தான் நினைக்கிறேன். என்னைப் புருஷனாகச் சாகவிடுவதா, தமையனாக வாழவிடுவதா என்று அவள் நெஞ்சு எப்படிக் கிடந்து துடித்திருக்கும்! எனக்கு மட்டும் அவர்களுடைய காது இருந்திருந்தால்.

பெப்ரவரி 7, சனி

என்னத்துக்குப் பிழைச்சனான்? ஆரும் கேட்டவையோ, காப்பாத்துங்கோ எண்டு? ஓம், நான்தான் கேட்டனான். முழு வயலுக்கும் கேக்கக் கத்தினனான்.

அக்கா வேப்பிலையைக் கழற்றிவிட்டா. "என்ர தம்பியின்ர உயிரைத் தந்தவள்" என்று ஊரெல்லாம் சொல்கிறா. எங்கள் கறுத்த எருதைக் கொண்டுபோய் ஒரு நாள் அங்கே கட்டிவிட்டு வா என்கிறா. விருந்தாம்.

கணுக்கால் வீங்கவேயில்லை. எவ்வளவு சுத்தமாக உறிஞ்சியிருக்கிறாள் பாருங்கள்.

பெப்ரவரி 20, வெள்ளி

எருதைக் கொண்டுபோனேன். "அண்ணை, இருங்கோ" என்று கதிரை போட்டாள். இருந்தேன். முன்பெல்லாம் நிற்கத்தான் விடுவாள். தமையனுக்குக் கதிரை உண்டு என்று இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 15, ஞாயிறு

இன்றைக்கு நான் ஒரு பெரிய மனுஷன்.

பளையிலிருந்து சின்னராசா என்று ஒருவர் வந்திருந்தார். செங்குடியார்தான், ஆனால் ஆட்டுக்காரர். மனைவியை இழந்தவர். இராசமலரைக் கேட்டு வந்திருக்கிறார். நெடுங்காலமாக மனதில் வைத்திருந்தவராம். கேட்க வழியில்லாமல் இருந்தாராம். அவர்களுடைய முறைப்படி தங்கள் சனத்துக்குள்ளேயே விதவை மறுமணம் செய்ய வேண்டுமென்றால், கூடப்பிறந்த ஆண் ஒருவன் சபையில் எழுந்து "எனக்குச் சம்மதம்" என்று சொல்லவேண்டும். இராசமலருக்குக் கூடப்பிறந்தவர்கள் ஒருவருமில்லை. இப்போது நான் இருக்கிறேன்.

"அண்ணை, உங்களைத் தவிர எனக்கு ஆர் இருக்கினம்?" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

எருதுக்காரக் கிழவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "ஆட்டுக்காரனுக்கோ?"

நான் சொன்னேன்: "ஐயாமார், நான் சங்கக்கடை மனேச்சர். சம்பா தின்னிறவனுக்கும் மொட்டைக்கறுப்பன் அரிசி தின்னிறவனுக்கும் ஒரே தராசிலைதான் நிறுக்கிறன். என்ர தங்கச்சிக்குப் பிடிச்ச ஆளை ஆடோ மாடோ எண்டு கேக்க நான் கசாப்புக்கடை நடத்தேல்லை. எனக்குச் சம்மதம்."

எல்லாரும் தலையைச் சரித்து என் நெஞ்சைக் கேட்டார்கள். கடைசியில் இளையதம்பி தலையசைத்தார்.

"பொய் இல்லை."

வழி நெடுக அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். உண்மையாகவே பொய் இல்லையா?

ஏப்ரல் 19, ஞாயிறு

தமையனாக இருப்பது பெரிய வேலை. பந்தலுக்குக் கிடுகு போதாது என்று காலையில் ஆள். சேலை நிறம் சரியா என்று மத்தியானம் ஆள். சின்னராசா பின்னேரம் தானே வந்து, "மச்சான்" என்று கூப்பிட்டுச் சுருட்டு நீட்டுகிறார். நல்ல மனுஷன். அதுதான் எரிச்சல்.

மே 22, வெள்ளி

கலியாணம் முடிந்தது. நான்தான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையின் காலுக்குத் தண்ணீர் வார்த்துக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போனேன். எங்கள் ஆட்களுக்கு வடை பாயாசம், அவர்களுக்கு மூடிய செம்பு. செம்பு மாறி ஒன்றும் நடக்கவில்லை. அது பெரிய காரியம்.

பளைக்கு வண்டில் ஏறுமுன் என் காலில் விழுந்தாள். அக்கா ஒப்பாரி வைத்து அழுதா. "ஒரு வாய் சாப்பிடாமல் போறியே பிள்ளை" என்றும் சொன்னா. இராசமலர் அக்காவின் கழுத்தைப் பார்த்துச் சிரித்தாள். அக்காவும் சிரித்தா.

எனக்கு ஒன்றும் குறையில்லை. அவள் ஒரு கலியாணத்தை விட்டுக்கொடுத்து எனக்கு உயிர் தந்தாள். நான் அவளுக்கு ஒரு கலியாணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்படி ஒரு அன்பு எங்கள் இரண்டு சனத்துக்குள்ளும் முன்பு நடந்திருக்குமா? தெரியவில்லை.

மே 29, வெள்ளி

மீராசாகிபு கடைக்கு வந்தார். சீனி நிறுத்துக் கொடுத்தேன். போகப் போனவர் திரும்பினார்.

"தங்கச்சி பளைக்குப் போயிட்டா. இனிச் சொன்னால் பரவாயில்லை, மனேச்சர். அண்டைக்கு உங்களைக் கடிச்சது புடையன் இல்லை. தண்ணிப்பாம்பு."

"உமக்கு எப்ப தெரியும்?"

"வெட்டின உடனை. தூக்கி அவவுக்கும் காட்டினனான். ஒண்டும் சொல்லாதேங்கோ எண்டு கண்ணைக் காட்டினவ."

"குடிச்சாப் பிறகுதானே காட்டினனீர்?"

மீராசாகிபு சீனிப் பையைத் தோளில் ஏற்றினார்.

"இல்லை மனேச்சர். குடிக்கிறதுக்கு முதல்."