அரைக்கையா, முழுக்கையா

8-7-1996, திங்கள்

இன்றோடு கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மாதம். யாரும் கணக்கு வைத்திருக்கமாட்டார்கள், நான் வைத்திருக்கிறேன். பனியனில் ஓட்டை பார்க்கும் செக்கிங் மேசையிலிருந்து, ஒன்பதாவதோடு நின்ற என்னைக் கூப்பிட்டுப் பேக்கிங் லிஸ்ட் அடிக்க வைத்தார் முதலாளி கிட்டுசாமி. கையெழுத்து பிடித்துப்போனதாம். கம்ப்யூட்டரில் கையெழுத்து எதற்கு? கேட்கவில்லை. இந்த மூன்று மாதத்தில் அவரிடம் நான் பேசியதெல்லாம் தலையாட்டல்தான்.

இந்த நோட்டில் பக்க அடையாளத்துக்கு ஒரு பிளாப்பி வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து பழக்கிவிட்ட ராசப்பன் அண்ணன் காப்பி எடுக்கச் சொல்லிக்கொடுத்த அன்று, நானே எடுத்த முதல் காப்பி. "வெச்சுக்க கண்ணு" என்று கொடுத்துவிட்டார். வீட்டில் அத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது பாடுமா?" என்றார்.

9-7-1996

பேசிவிட்டேன்!

புது விண்டோஸ் போட்டே ஆக வேண்டுமாம். வெளிநாட்டுப் பார்ட்டி அனுப்பும் ஆர்டர் நம் பழசில் திறக்கமாட்டேன் என்கிறது. புதுசில் இரண்டு வகை என்றார் ராசப்பன் அண்ணன். ஒன்று அப்கிரேடு, ஏற்கெனவே பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு, விலையும் குறைவு. இன்னொன்று ஃபுல், ஒன்றுமே இல்லாதவர்களுக்கு.

"அரைக்கையா முழுக்கையான்னு கேக்கற?" என்றார் முதலாளி.

மேனேஜர் மணியன், "முழுசாவே வாங்கிருங்க. பாதியெல்லாம் எதுக்குங்க?" என்றார்.

முதலாளி சட்டென்று என் பக்கம் திரும்பி, "அடிக்கற புள்ள நீதான. நீ சொல்லு கண்ணு."

காது இரண்டும் சுட்டது. எங்கிருந்தோ ஒரு குரல், "நம்மகிட்ட பழசு இருக்குதுங்க. அப்கிரேடே போதுமுங்க." என் குரல்தான்!

"அப்ப அரைக்கையே வாங்கு" என்று எழுந்து போய்விட்டார்.

10-7-1996

போதுமுங்க. போதுமுங்க. போதுமுங்க. எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறேன்!

11-7-1996, வியாழன்

பெட்டி வந்துவிட்டது. மேலே நீலவானம், வெள்ளை மேகம். மோந்து பார்த்தேன், புதுப் பாடப்புத்தக வாசம். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள் செக்கிங் மயிலா அக்கா. "ஏன்புள்ள சைது, அது திங்கறதா?" அந்த மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். நாளைக்குப் போடுகிறார்கள்.

12-7-1996, வெள்ளி, மத்தியானம்

சாப்பிட வீட்டுக்கு வந்தேன். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுதுகிறேன். இனி கம்பெனிக்குப் போகமாட்டேன்.

காலையில் ராசப்பன் அண்ணன் என் லிஸ்டுகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, எல்லாம் புதுசாக இருக்கட்டும் என்று பழைய விண்டோஸைத் துடைத்து அழித்தார். புதுசைப் போட்டால் நடுவில் நின்றுகொண்டது. உன்னிடம் பழசு இருந்ததா, எங்கே அதன் ஒன்றாம் நம்பர் பிளாப்பி, காட்டு என்கிறது. காட்டினால்தான் மேலே போகுமாம். அப்கிரேடு என்றால் அப்படித்தானாம்.

"ஒண்ணாம் நம்பரு எங்க கண்ணு?"

பீரோக் கதவில். அவசரத்துக்குக் கைக்கு எட்டட்டும் என்று நான்தான் ஒட்டி வைத்தேன். எதை வைத்து? ஊசிக் காந்தத்தை வைத்து! தையல் ஹாலில் ஊசி உடைந்தால் துணுக்கு பனியனுக்குள் போய்விடக் கூடாதென்று, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிறு கட்டித் தரையெல்லாம் இழுப்போமே, அதே காந்தம்.

பிளாப்பியில் ஓர் எழுத்துகூட இல்லை. காந்தம் தின்றுவிட்டது.

"காந்தம் பட்டா எல்லாம் அழிஞ்சுரும்னு சொன்னனே கண்ணு" என்றார். சொல்லவேயில்லை. சொல்லவில்லை என்று நானும் சொல்லவில்லை.

"நா அப்பவே ஃபுல்லுன்னு சொன்னனுங்க" என்றார் மேனேஜர். "இந்தப் புள்ள செக்கிங்குக்கே போகட்டும். டிகிரி படிச்ச புள்ள ஒண்ணப் பாத்துக்கலாமுங்க." முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். நாளைக் காலை தூத்துக்குடிக்கு லாரி. லிஸ்ட் இல்லாமல் ஒரு பெட்டி ஏறாது.

மூணு மாசத்துல ஒரே ஒருவாட்டி பேசினேன். அதுவும் இப்படி ஆயிருச்சே. இனி வாயே தொறக்கமாட்டேன் – எழுதவும் மாட்டேன் – பிளாப்பியை வைத்து நோட்டை மூடி

அய்யோ.

அய்யோ அய்யோ. இது எதோட காப்பி?

அன்றே, சாயங்காலம்

ஒன்றாம் நம்பரோட காப்பி! "ஒண்ணுலருந்து ஆரம்பி கண்ணு" என்று, பழைய விண்டோஸ் பிளாப்பிகளைக் காப்பி எடுக்கப் பழக்கிய அன்றைக்கு ராசப்பன் அண்ணன்தானே சொன்னார்!

வீட்டிலிருந்து கம்பெனிவரை ஓட்டம். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. அதையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாசலில் மயிலா அக்கா, "ஏன்புள்ள, நாய் தொரத்துதா?"

"இல்லீங்க்கா, விண்டோஸு!"

பிளாப்பிக்காக ராசப்பன் அண்ணன் கை நீட்டினார். அவசரத்தில் நான் கொடுத்தது செருப்பை. மாற்றிக் கொடுத்தேன்.

"காப்பிய ஒத்துக்குமாப்பா?" என்றார் முதலாளி.

"உள்ள இருக்கறது சரியா இருந்தா ஒத்துக்குமுங்க."

கர்ர். கர்ர். அப்புறம் கோடு நகர்ந்தது! நகர்ந்துகொண்டே போனது. கடைசியில் திரை முழுக்க மேகம்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "இருந்தாலுங்க, ஃபுல்லா இருந்திருந்தா..."

"அரைக்கையே போதுமுங்க." நான்தான் சொன்னேன்! முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேனேஜர்கூட சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

லிஸ்ட் அடித்து முடித்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பெட்டி. ஒரு தப்பும் இல்லை. வெறுங்காலோடு அடித்தேன்.

13-7-1996

லாரி போய்விட்டது. புதுச் செருப்பு.

20-7-1996, சனி

ஆடிக் காற்று. பஞ்சுத் தூசி கண்ணெல்லாம்.

காந்தம் ஆபீசுக்குள் வரக் கூடாதென்று முதலாளி உத்தரவு. அதைத் தையல் ஹால் ஆணியில் மாட்டியாயிற்று. பிளாப்பிகளெல்லாம் ஒரு மரப்பெட்டியில், பீரோவுக்குள். பெட்டி மேல் சிவப்பு மையில் முதலாளியே எழுதி ஒட்டியிருக்கிறார்: 'சைதுன்னிசாவைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.' மேனேஜர் இன்று ஒரு பிளாப்பிக்காக என் நாற்காலி பக்கம் வந்து, பீரோவைப் பார்த்து, என்னைப் பார்த்து, "எடுத்துக்கட்டுமா கண்ணு?" என்றார்.

"எடுத்துக்குங்க" என்றேன்.

என் பிளாப்பியும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இந்த நோட்டுக்கு இப்போது அடையாளம் ஒன்றும் இல்லை. பக்கத்தின் மூலையை மடித்து வைக்கிறேன்.