வாளையாற்றுக்கு இப்புறமா, அப்புறமா

அன்பு கெழுமிய சிநேகிதரே,

அந்த ஆம்புலன்ஸ் வண்டியின் மருந்து நெடி என் உத்தரீயத்தில் இன்னும் இருக்கிறது. பலமுறை அலசியும் போகவில்லை. இன்று பூஜைக்காக அதை எடுத்துத் தோளில் இட்டபோது நெடி மூக்கில் ஏறிற்று. துக்கம் எழும் என்று சற்றே காத்திருந்தேன். எழவில்லை. உமக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

வில்லேஜ் ஆபீசராக உத்தியோகம் பார்த்த உமக்கு என் சங்கல்பம் என்றால் வேடிக்கை. கர்மத்தைத் தொடங்குமுன் இருக்குமிடத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி. தீவைச் சொல்லி, கண்டத்தைச் சொல்லி, மேருவுக்குத் தெற்கே என்று முடிப்பேன். கல்பாத்திப் புழையின் படிக்கட்டில் ஈர வேஷ்டியோடு நின்று நீர் கேலி செய்வீர்.

"மேருவுக்குத் தெற்கேன்னா தேசம் முழுக்க அடங்கும் ஓய். தாலுக்கா சொல்லும், வில்லேஜ் சொல்லும்."

"பகவானுக்கு என்ன கடுதாசியா போடறேன்? அவர் எல்லாத் தாலுக்காவிலயும் இருக்கார்."

"இருக்கட்டும். நிலத்துக்குக் கரம் அடைக்கறது எந்த வில்லேஜ்லயாக்கும்?"

கேலிக்கு அடியில் உமக்கும் ஒரு பக்தி இருந்தது. அகளிப் பக்கம் வேலை பார்த்தபோது, இரண்டு வில்லேஜ்களின் நடுவே வீடு அமைந்துவிட்ட ஒரு குடும்பத்தை இரண்டு ஆபீசும் விரட்டிக்கொண்டிருந்தனவாம். நீர் சங்கிலி பிடித்து அளந்து, உம் எல்லைக்குள் சேர்த்து எழுதினீர். "ஸ்டேட், ஜில்லா, தாலுக்கா, வில்லேஜ்னு நறுக்கிண்டே போனா கடைசில ஒரு மனுஷன் நிக்கற எடம் வந்துடும். அவன் யாரைப் போய்க் கேக்கணும்னு தெரிஞ்சுடும்" என்பீர்.

நெஞ்சுவலி என்று உம்மைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோன அன்று, வண்டியின் பின்பக்கம் உம்முடன் இருந்தவன் நான் ஒருவனே. உம் மகன் முன்னால் டிரைவரின் அருகே இருந்தான். உம் மணிக்கட்டைப் பற்றியபடி, கண்களை மூடி, ஆயிரம் நாமத்தைத் தொடங்கினேன். அறுநூறுக்கு அப்பால் ஒரு நாமத்தில் நாடி நின்றதை விரல் அறிந்தது. நடுவில் நிறுத்தலாகாது என்று நாவு மேலே சென்றது. கண்ணைத் திறக்கவில்லை.

கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்கள். அந்தச் சீட்டோடு இங்கே வந்தால் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு பெண், "ஏது பஞ்சாயத்தில் வெச்சா மரிச்சது, சாமி?" என்று கேட்டாள். உயிர் போனது நகரசபை எல்லையிலா, கஞ்சிக்கோட்டுப் பக்கமா, வாளையாற்றைத் தாண்டித் தமிழ்நாட்டிலா? எந்த நாமத்தில் என்று மட்டுமே எனக்குத் தெரியும். அதை அவள் எந்த ஊர் என்று பதிவாள்? பதிவு இல்லாமல் உம் அகத்துக்காரிக்குப் பென்ஷன் வராது. எந்த ஆபீசிலும் உமக்கு இடமில்லாமல் போயிற்று.

வழி கண்டவன் உம் மகன்தான். "மாமா, அதே வண்டில, அதே வேகத்துல போவோம். நீங்கோ அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லிண்டு வாங்கோ. அந்த நாமம் வந்ததும் கையைத் தூக்குங்கோ. எந்த எடம்னு நான் பாத்துக்கறேன்."

டிரைவர் நம் ஊருக்கு அடுத்த சித்தூர்ப் பக்கத்துக்காரன். "ஏனுங்க சாமி, சைரன் போடோணுங்களா?" என்றான்.

"ஆள் இல்லாத வண்டிக்கு எதுக்குப்பா?"

"இல்லைங்க, அன்னைக்குப் போட்டமுங்களே, அதான் கேட்டனுங்க."

வெறும் படுக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொடங்கினேன். நாமங்கள் தடையின்றி வந்தன. அந்த நாமமும் வந்தது. கை எழவில்லை. தூக்கினால், வண்டியை நிறுத்தி அந்த இடத்தில் உம்மை இறக்கிவிட்டு நான் மட்டும் மேலே போவதாகும் என்று தோன்றிற்று. அடுத்த நாமத்தைச் சொன்னேன். அதற்கடுத்ததையும்.

கண்ணைத் திறந்தபோது ஆஸ்பத்திரி வாசல்.

"தூக்கலையே, மாமா" என்றான் உம் மகன்.

"தூக்கலைடா."

அவன் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பிறப்பு இறப்புப் பதியும் அதிகாரி ஒருவர், டிரைவரை அழைத்து ஒரே கேள்வி கேட்டாராம்: அன்று வண்டி முதலில் எங்கே நின்றது?

"வேறெங்கயும் நிக்கலைங்க. இங்கதானுங்க" என்றானாம் அவன்.

ஓடும் வண்டியில் உயிர் போனால், வண்டி முதலில் நிற்கும் ஊரில் பதியலாம் என்பது சட்டமாம். அங்கேயே பதிந்தார்கள். பென்ஷனும் வந்துவிடும் என்கிறார்கள். நீர் இருந்திருந்தால் இதை முதல் நாளே சொல்லியிருப்பீர், ஓய்.

எல்லாம் முறைப்படி முடிந்துவிட்டது. அந்த நாமத்தை இங்கே எழுதவில்லை. உம் மகனிடமும் சொல்லவில்லை. விடியற்காலையில் பாராயணத்தில் அது வருகிறது. சொல்கிறேன். குரல் இடறுவதில்லை. விரல்கள் மட்டும் எதையோ பற்றியிருப்பதுபோல் மடங்கிவிடுகின்றன. ஆயிரமும் முடிந்த பிறகே அவற்றை விரிக்க முடிகிறது.