பெயர்ப்பலகையோடு கச்சேரிக்குப் போனது

சங்ககிரி
தாது வருஷம் ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை
25-10-1936

மாமா அவர்களுக்குப் பெரியநாயகி வணங்கி எழுதியது. இங்கே நானும் நம் குழந்தை வசந்தாமணியும் சுகமாக இருக்கிறோம். மற்றச் சேதிகளுக்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். முந்தாநாள் வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணி வாக்கில் உங்களுக்குத் தலைவலி, மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்று ஏதாவது வந்ததா? நன்றாக யோசித்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஏன் கேட்கிறேன் என்பது பின்னால் வருகிறது.

மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. குமாஸ்தா வேலுசாமிக்கு ஒரு வாரமாகக் குளிர்காய்ச்சல். கஞ்சியும் கஷாயமுமாகக் கிடக்கிறார். ஆட்டையாம்பட்டி கந்தவேல் வந்து ஒரு வாழைத்தார் வைத்துவிட்டுப் போனார். பத்து வருஷத்துக்கு முன் வோட்டர் ஜாபிதாவில் செத்துப்போனவர் என்று எழுதியிருந்தார்களே, அவரேதான். அவரைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தி, இவர் செத்திருந்தால் இந்த இருமல் யாருடையது என்று கேட்டீர்களாம். அதுவரை வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் நடத்திக்கொண்டிருந்த உங்களுக்கு அதற்கப்புறம்தானே ‘ஓட்டு வக்கீல்’ என்று பேர் வந்தது? அவர் இன்றைக்கும், “நான் உசுரோட இருக்கறேன்னு கோர்ட்டே சொல்லிப்போடுச்சுங்க” என்று பெருமையடித்துக்கொள்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை இளம்பிள்ளையிலிருந்து சென்னியம்மாள் வந்தாள். ஜாபிதாவில் பேரை அடித்துவிட்டார்கள் என்று உங்களிடம் கட்சிக்காரர்களாக வந்த நாற்பத்து மூன்று தறிக்காரப் பெண்களில் ஒருத்தி. நீங்கள் பட்டணத்தில் ஹைகோர்ட்டில் அவர்களுக்காகப் பேசியாகிவிட்டதா என்று கேட்க வந்தாள். இன்னும் சேதி இல்லை என்றேன். காப்பி குடித்துக்கொண்டே, “ஏனுங்க அம்மிணி, எங்க பேருக்கெல்லாம் வக்கீலய்யா அலையறாருங்க. உங்க பேரு ஜாபிதாவுல இருக்குதுங்களா?” என்று கேட்டாள். இல்லாமலா போகும் என்று சிரித்தேன். ஆனால் அவள் போன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உங்கள் அறைக்குள் பெருக்குவதற்குத் தவிர நான் போனதில்லை. அன்றைக்கு உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஜாபிதாவைப் பிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டு எதையும் கலைக்கவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் காகிதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு ஓர் ஆசை. நான் படித்த ஐந்தாம் வகுப்பு அதற்குப் போதுமாக இருந்தது. நம் தெரு முழுவதும் அதில் இருக்கிறது! எண்ணெய்க்கடைக்காரர் வயது நாற்பது என்று கொடுத்திருக்கிறார், அதை நீங்கள் பார்த்தீர்களா? அப்படியே விரலை ஓட்டிக்கொண்டு வந்தால் நம் கதவு எண். முதலில் உங்கள் பேர். அதற்குக் கீழே, ‘வக்கீல் சம்சாரம்’. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

அந்தக் கோட்டுக்குக் காரணம் நான்தான். ஆடி மாதம் கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று, வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டார். நான் எப்படிச் சொல்வேன்? பலகையைப் பாருங்கள் என்று கை காட்டினேன். உங்கள் பேர் என்ன என்று அவர் என்னைக் கேட்கவேயில்லை, நானும் சொல்லவில்லை. வேற்று ஆளிடம் பேர் சொல்லிப் பழக்கமில்லை. சொந்தப் பேர் இல்லை என்று பிறகு அடித்துவிட்டார்கள். இளம்பிள்ளைப் பெண்களும் அப்படியேதான் ‘இன்னார் சம்சாரம்’, ‘இன்னார் ஆத்தா’ என்று ஆகிப்போனார்கள். அவர்களைப் பற்றி ஒருநாள் சாப்பிடும்போது, பேரைச் சொல்ல என்ன வெட்கம், வாயைத் திறந்திருந்தால் எனக்கு இந்த வேலை இல்லையே என்று சலித்துக்கொண்டீர்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி அப்போதும் நீங்கள் கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான் மாமா, மறைக்க மாட்டேன். ஓட்டுள்ளவரின் மனைவிக்கும் இந்தத் தேர்தலில் ஓட்டு உண்டு என்று ஊரெல்லாம் சொன்னவர் நீங்கள்.

விட்டுப்போன பேரைச் சேர்க்க வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று ஜாபிதாவின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதை விட்டால் மாசித் தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லை. நீங்களோ பட்டணத்தில். வேலுசாமியோ படுக்கையில். சென்னியம்மாளுக்குச் சொல்லி அனுப்பினேன். இரண்டு பேருமாகப் பஸ் ஏறித் தாலுகா கச்சேரிக்குப் போனோம். போகும்போது வாசலில் இருந்த உங்கள் பெயர்ப்பலகையைக் கழற்றிச் சேலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். புருஷன் பேரைக் கேட்பார்கள், காட்ட ஏதாவது வேண்டுமே என்பதுதான் என் யோசனை.

கேட்டார்கள். நான் பலகையை அதிகாரியின் மேஜைமேல் வைத்தேன். கச்சேரியே எழுந்து நின்று பார்த்தது. அதிகாரி பலகையில் இருந்ததை பி.ஏ., பி.எல். வரைக்கும் படித்துவிட்டு, “ஓட்டு வக்கீல் ஊட்டுலயே இப்படிங்களா?” என்று கேட்டார். சென்னியம்மாள் உங்கள் பேரைத் தான் சொல்கிறேன் என்று முன்னால் வந்தாள். அதற்கு அவர், மனுச் செய்கிறவர்தான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கைப்பட எழுதித் தர வேண்டும் என்று காகிதத்தையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார்.

புருஷன் பேரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள். கையால் எழுதுவது பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுதுகிற கை எங்கள் வீட்டில் அதற்கு முன் எந்தப் பெண்ணுக்கும் இல்லை, அவள் எப்படிச் சொல்லியிருப்பாள்? பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சென்னியம்மாள் என் முதுகில் கை வைத்து, “எழுதுங்க சாமி, ஒண்ணும் ஆகாது” என்றாள். என் பேரை எழுதினேன். அதற்குக் கீழே உங்கள் பேரை எழுதினேன். அப்போது மணி பதினொன்று. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மனுவை வாங்கிக்கொண்டார்கள். நவம்பர் ஐந்தாம் தேதி வியாழக்கிழமை விசாரணை. அன்றைக்கு எழுத்து போதாதாம். எல்லோருக்கும் கேட்கும்படி என் பேர், புருஷன் பேர், கதவு எண் மூன்றையும் நானே வாய்விட்டுச் சொன்னால்தான் சிவப்புக் கோட்டை எடுப்பார்களாம்.

திரும்பும்போது பஸ்ஸில் சென்னியம்மாள் ஓயாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கும் தெரியவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைப்பார்களாமே, உள்ளே நாம் தனியாகவா போக வேண்டும்? சீட்டைப் போட்டது யாருக்கும் தெரியாதா, உங்களுக்குக்கூடவா?

பலகையை மறுபடி மாட்டிவிட்டேன். கொஞ்சம் சாய்வாக இருக்கிறது.

வழக்கமாக வேலுசாமிதான் கவரின் மேல் விலாசம் எழுதுவார். இந்தத் தடவை நானே எழுதியிருக்கிறேன். பிரித்தவுடன் கிழித்துப் போடாமல் ஒருமுறை பாருங்கள். ஆக, உங்கள் பேரை இரண்டு இடத்தில் எழுதியாகிவிட்டது. உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ஒரு கார்டு வந்தால் வியாழக்கிழமை வாயாலும் சொல்லிவிடுவேன். இளம்பிள்ளைப் பெண்களின் வேலை முடியாமல் நீங்கள் வர வேண்டாம், அது பாவம். முடிந்துவிட்டால் மட்டும் நான்காம் தேதி புதன்கிழமை இரவு ரயிலுக்கு ஏறிவிடுங்கள். எனக்காக எதுவும் வாதாட வேண்டியதில்லை. நான் அந்தப் பேரை முதல்முதலாகச் சொல்லும்போது, அந்தப் பேருக்குரியவர் நல்லபடியாக என் கண் முன்னால் நின்றுகொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மாரியம்மன் உங்களுக்கு நூறு வயசு கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நாற்பத்து நான்காவது கட்சிக்காரி
பெரியநாயகி