மஞ்சள் காருக்கு நாங்களே கிளட்ச் மாற்றினோம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் இடது தோளும் வலது முட்டியும் மட்டும் தனியாக முறையிட்டுக்கொண்டிருக்கின்றன, அதற்கான காரணம் கீழே வரும். நீ நலமா என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய், அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, போன மாதச் சளி விட்டதா என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, பதில் போடும்போது உடம்பைப் பற்றி நாலு வரி எழுது. இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு ஒன்பது நிமிஷம் நீயே பேசுகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் கடைசி வரை உட்கார்ந்து படி.

மூன்று மாதத்துக்கு முன் நீ அப்பாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, அவர்தான் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர் ஆயிற்றே. "கார் ஓட்ட ஆள் இல்லாம அந்த மேட்டு மேல நீங்க ரெண்டு பேரும் எப்படிப்பா இருப்பீங்க, நான் வந்ததும் வீட்டை வித்துட்டு ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு ஃப்ளாட் பார்த்துடலாம்" என்றாய். அப்பா "சரிப்பா" என்றார். நீ சொன்னதுகூட எனக்கு வலிக்கவில்லை, அவர் சரி சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தியவர், ஒரு கால்புள்ளிக்காக முதலாளியோடு மல்லுக்கு நின்ற மனுஷர், வீட்டையே விட்டுக்கொடுக்கச் சொன்னால் ஒரு கேள்வி கேட்காமல் சரி என்கிறார் என்றால் என்ன அர்த்தம். கண் நரம்பு கெட்டதிலிருந்து அவருக்கு நேரே இருப்பது தெரிகிறது, பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை. பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிடுவார், எழுந்து வரும்போது நிலைப்படியில் இடித்துக்கொள்வார். டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொன்ன வாரமே தன் காரை விற்றுவிட்டார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கண் அழுத்தம் பார்க்க ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும், பஸ் மேட்டுக்குக் கீழேயே நின்றுவிடும், டாக்சிக்காரர்கள் மேட்டைப் பார்த்ததும் போனை அணைத்துவிடுகிறார்கள். ஆகவே நீ கவலைப்பட்டதில் தப்பில்லை. ஓட்ட ஆள் இல்லை என்று சொன்னாய் பார், அதுதான் தப்பு. உன் அம்மாவிடம் லைசென்ஸ் இருக்கிறது. எடுத்து அப்போதே இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதல் தடவை டெஸ்டில் தோற்றேன், அதனால்தான் உன்னிடம் மூச்சு விடவில்லை.

எந்தக் காரை ஓட்டினேன் என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று, நீ தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போன உன் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். "என்ன வேணா பண்ணிக்கோங்க" என்று நீதானே சொன்னாய். மெக்கானிக்கைக் கூப்பிட்டு பேட்டரி, டயர், ஆயில் எல்லாம் மாற்றினேன். ஏறி உட்கார்ந்தால் ரோடு இடுப்புக்கு நேராக இருக்கிறது, இறங்குவதற்குள் ஒரு உடற்பயிற்சி முடிந்துவிடுகிறது, இருந்தாலும் சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டி. நான்தான் அதைக் கெடுத்தேன், மறைப்பானேன். தையல் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் என் கால் கற்றுக்கொண்டது ஒரே பாடம். பவர் மெஷின் பெடலை முழுசாக மிதித்தால் ஊசி பறந்துவிடும், பாதி மிதித்துப் பாதி விட்டுப் பிடித்தால்தான் காலர் வளைவில் தையல் ஒழுங்காக வரும். அந்தக் கால் காரில் ஏறியதும் கிளட்சையும் அப்படியே பாதி மிதித்துப் பாதி விட்டு வைத்திருந்தது. வண்டி எவ்வளவு நயமாகப் போகிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன், உள்ளே கிளட்ச் பிளேட் தேய்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மேட்டின் நடுவில் ஒரு லாரி குறுக்கே நின்று செங்கல் இறக்கியது. ஹாண்ட் பிரேக்கைப் போடாமல் பத்து நிமிஷம் கிளட்ச் பெடலைப் பாதி விட்டே வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்தால் வருமே, அந்த நாற்றம். லாரி நகர்ந்தபோது என்ஜின் கத்துகிறது, கார் முன்னால் போகாமல் பின்னால் உருளுகிறது. லாரிக்காரரே கயிறு கட்டிச் சந்து முனை வரை இழுத்துவிட்டார், அங்கிருந்து அவர் ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்து நம் வீட்டு ஷெட்டில் விட்டார்கள். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நடந்து வந்தார், வாசலில் நின்று வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஃப்ளாட்டைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

மெக்கானிக் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "பிளேட் கருகிடுச்சும்மா, இந்த மாதிரி வண்டியில நான் கை வைக்கிறதில்ல, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த விஷப்பரீட்சை, எடைக்குப் போட்டுடுங்க" என்றார். பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக இழுவை வண்டி வேண்டும், அந்த வண்டி நம் சந்து திரும்பாது. எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. கம்பெனியில் மெஷின் நின்றால் ஆள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டா இருந்தேன், நானே பிரித்து நானே பூட்டியவள். இது கொஞ்சம் பெரிய மெஷின், அவ்வளவுதானே என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஜாக்கியும் காரைத் தாங்க நாலு ஸ்டாண்டும் ஸ்பேனர் பெட்டியும் இரவல் கொடுத்தார், "நாலு நாள்ல நீங்களே என்னைக் கூப்பிட்டு அள்ளிட்டுப் போன்னு சொல்வீங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார். எதிர்வீட்டு நர்ஸ் தன் போனில் புது கிளட்ச் செட்டை வரவழைத்தாள், அந்தக் காரின் ரிப்பேர் புத்தகத்தில் வேண்டிய நாற்பத்து மூன்று பக்கங்களை அச்செடுத்தும் கொடுத்தாள்.

இப்போது நீ பயப்படுவாய், பயப்பட வேண்டாம். நாலு ஸ்டாண்டிலும் கார் உட்கார்ந்த பிறகு நானும் நர்ஸும் தோள் கொடுத்து ஆட்டிப் பார்த்தோம், அதற்குமேல் கழற்றிய சக்கரங்களையும் படுக்க வைத்துக் காருக்கடியில் தள்ளினோம், அப்புறம்தான் நான் உள்ளே போனேன். நான் காருக்கு அடியில், அப்பா முக்காலியில், மடியில் அச்சுத் தாள், ஒரு கையில் பூதக்கண்ணாடி. அவர் வாசிக்க நான் கழற்ற வேண்டும், இதுதான் ஏற்பாடு. வாசித்தாரா, பிழை திருத்தினாரா என்று கேட்டால் இரண்டும். பதினேழாம் பக்கத்தில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று சிவப்புப் பேனாவைத் தேடுகிறார், நான் கீழே கியர் ஆயில் முகத்தில் சொட்டக் காத்துக்கிடக்கிறேன். கழற்றிய போல்ட்டுகள் கலந்துவிடக்கூடாது என்று கியர் பாக்ஸ் மாதிரியே ஒரு அட்டையை வெட்டி, எந்த இடத்து போல்ட்டோ அதே இடத்தில் அட்டையில் குத்தி வைத்தேன். எல்லாம் வந்தது, உச்சியில் இருக்கிற ஒரே ஒரு போல்ட் மட்டும் வரவில்லை. கண்ணுக்கும் தெரியாது, என் கைக்கும் எட்டாது. ஒரு நாள் முழுக்க அதோடு போராடினேன். மறுநாள் அப்பா தாளை வைத்துவிட்டு எழுந்து வந்தார், என்ஜின் பக்கமாகக் குனிந்து தன் நீளக் கையை உள்ளே விட்டார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு விரலாலேயே தடவித் தடவி ஸ்பேனரைப் பொருத்தினார். "இங்க கண்ணுக்கு வேலையே இல்ல, அதனால எனக்குச் சரிப்பட்டு வருது" என்றார். டக்கென்று ஒரு சத்தம், போல்ட் இளகிவிட்டது. அவர் நிமிர்ந்தபோது இருந்த முகத்தை நான் இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லையடா. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கியர் பாக்ஸை இறக்க நர்ஸ் வந்தாள், நோயாளியைக் கட்டில் மாற்றுகிற மாதிரி ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி ஜாக்கிமேல் பக்குவமாக இறக்கினாள், பழக்கதோஷத்தில் "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று அதற்கு ஆறுதலும் சொன்னாள். பழைய பிளேட் கருகிய தோசைக்கல் நிறத்தில் இருந்தது. புதியதை நட்ட நடுவில் உட்கார வைத்தால்தான் கியர் பாக்ஸின் தண்டு உள்ளே நுழையும், அதற்கென்று ஒரு கருவி உண்டாம், செட்டில் அது வரவில்லை. துடைப்பக் கட்டையை வெட்டித் துணிப்பட்டை சுற்றி, இன்ச் டேப்பால் அளந்து அளந்து சரியான பருமனுக்குக் கொண்டுவந்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. அந்தப் பெருமையில்தான் கோட்டை விட்டேன். பிளேட்டை மாட்டும்போது அப்பா ஒரு வரியை வாசித்தார், திரும்பவும் அதே வரியை வாசித்தார், "தெரியும், மேல போங்க" என்று எரிந்து விழுந்தேன். எல்லாம் பூட்டி, என்ஜினைக் கிளப்பி, பெடலை மிதித்துக் கியரைத் தள்ளினால் கரகரவென்று பல்லைக் கடிக்கிறது, விழ மாட்டேன் என்கிறது. அவர் இரண்டு தடவை வாசித்தது என்ன தெரியுமா, பிளேட்டின் எந்தப் பக்கம் என்ஜினைப் பார்க்க வேண்டும் என்பது. துணியில் நல்ல பக்கம் எது உள்பக்கம் எது என்று இருட்டில் தடவியே சொல்லுகிறவள், பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். ஐந்து நாள் வேலை பாழ். ஷெட் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன், வீடும் போச்சு என்றுகூடச் சொல்லிவிட்டேன். அப்பா "நான் அப்பவே சொன்னேனே" என்று குத்திக்காட்டவில்லை. தாள்களை அடுக்கினார், முக்காலியை நகர்த்திப் போட்டார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு "முதல் பக்கம், முதல் வரி" என்று அதே குரலில் வாசிக்க ஆரம்பித்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு காருக்கடியில் போனேன்.

தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் தைப்பது எனக்குப் புதிதில்லை. இரண்டாம் தடவை ஒன்றரை நாளில் முடிந்தது, இந்த முறை அவர் ஒவ்வொரு வரியையும் வாசித்தார், நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தேன். மெக்கானிக் வந்து ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கம் பார்த்தார், சந்தில் இரண்டு சுற்று ஓட்டினார், இறங்கி வந்து என் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு "இது நல்லா இருக்கும்மா, நான் எடுத்துக்கட்டுமா" என்று கேட்டார். கொடுத்துவிட்டேன். என் காலையும் சும்மா விடவில்லை, பெடலுக்கு இடது பக்கம் ஒரு மரக்கட்டையைப் பொருத்தியிருக்கிறேன், கியர் மாற்றியதும் கால் அங்கே போய்விட வேண்டும். நான் மறந்தால் அப்பா "கட்டை" என்பார், என் கால் அவர் கண்ணில் படாது, என்ஜின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார். செங்கல் லாரி நின்ற அதே இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, மூன்று தடவை கிளம்பிப் பார்த்தேன், ஒரு விரல்கடை கூடப் பின்னால் உருளவில்லை. அதன்பிறகு இரண்டு முறை ஆஸ்பத்திரி போய் வந்துவிட்டோம், கண் அழுத்தம் ஏறவில்லை, டாக்டருக்குத் திருப்தி. திரும்பி வரும்போது மேட்டின் உச்சியில் அப்பா, "அவன்கிட்ட நான் பேசறேன், நாம எங்கயும் போகலன்னு" என்றார். நீங்கள் பேசினால் கடைசியில் சரிப்பா என்று முடிப்பீர்கள், நானே எழுதுகிறேன் என்றேன். சிரித்தார்.

ஆகையால் மகனே, வீட்டை விற்கப் போவதில்லை. நீ பாசத்தில்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியும், உன் மேல் கோபம் துளியும் இல்லை. நாங்கள் என்றைக்கும் இப்படியே இருப்போம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஒரு நாள் கால் நடுங்கும், கண் மங்கும், ஸ்டியரிங்கை விட வேண்டிய நாள் வரும். அந்த நாள் வந்ததும் நானே உனக்குப் போன் போட்டு, வந்து வீட்டைக் காலி செய் என்று சொல்வேன், வீம்பு பிடிக்க மாட்டேன், இது சத்தியம். ஆனால் அந்த நாளை நான்தான் சொல்ல வேண்டும், நீ சொல்லக்கூடாது.

ராத்திரி ரொம்ப நேரம் கண் விழிக்காதே, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். அப்பாவும் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாக எழுதச் சொல்கிறார். வருகிற தேதியை முன்கூட்டியே எழுது, ஏர்போர்ட் வரை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து வழி பழகிவிட்டேன். ஒரு பெட்டிக்கு மேல் கொண்டுவராதே, டிக்கியில் இடம் இல்லை. வெளியே வந்ததும் டாக்சி தேடாமல் அங்கேயே நில், நான் வருவேன். சாவியைக் கேட்டு என்னிடம் கை நீட்டாதே, நீ பக்கத்து சீட்டில் உட்கார், ஓட்டுவது நான்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா